பின்வரிசையில் இடமிருந்து நான்காவது

அந்த நகரத்துக்கு வந்தவர்கள் முன்பெல்லாம் தங்கள் இஷ்டத்துக்குச் சுற்றிப் பார்த்தார்கள். பிடித்த இடத்தில் நின்றார்கள், பிடிக்காத இடத்தில் கொட்டாவி விட்டார்கள், கால் வலித்தால் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார்கள். இந்த அராஜகத்தைப் பொறுக்கமாட்டாமல்தான் நகரப் பண்பாட்டுக் கழகம் பிறந்தது. பிறக்கும்போதே அதற்கு ஒரு தலைவரும் நான்கு துணைத்தலைவர்களும் பதினேழு ரப்பர் முத்திரைகளும் இருந்தன. அன்று முதல் அந்த ஊரில் யாரும் எதையும் சும்மா பார்த்துவிட முடியாது.

இது தெரியாமல் ஒரு புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கழகத்தின் வாசலில் வந்து நின்றார் பம்புக்காரர். கிணற்று மோட்டார், மாடித்தொட்டி மோட்டார், எதுவானாலும் காதை வைத்துக் கேட்டே அதன் வியாதியைச் சொல்லிவிடுவார். அவருடைய சொந்தப் பெயர் ஓட்டுப் போடப் போகும்போதுதான் அவருக்கே ஞாபகம் வரும். வயது ஐம்பத்து நான்கு. முதல் பஸ்ஸைப் பிடித்து, ஐந்து மணி நேரம் நின்றுகொண்டே வந்திருந்தார்.

பண்பாட்டுக்கும் அவருக்கும் ரொம்ப தூரம். அவர் வந்தது ஒரே ஒரு போட்டோவைப் பார்க்க. அவருக்குப் பத்து மாதம் ஆனபோது அம்மா போய்ச்சேர்ந்துவிட்டாள். வீட்டில் அவளுடைய படம் ஒன்றுகூடக் கிடையாது. அம்மாவின் முகம் எப்படி இருக்கும் என்று தெரியாமலே அவர் வளர்ந்து, கல்யாணம் செய்து, பெண்ணைக் கட்டிக்கொடுத்து, தலையும் நரைத்துவிட்டது. அம்மா இந்த நகரத்தில்தான் ஒரு பாட்டில் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். அங்கே ஒருநாள் வேலை பார்த்த பெண்களை எல்லாம் மூன்று வரிசையாக நிற்கவைத்து யாரோ படம் எடுத்தார்களாம். தொழிற்சாலை மூடியபிறகு அந்தப் படம் கழகத்தின் கைக்கு வந்து, பெரிதாக்கப்பட்டு, ஒன்பதாவது அறையில் மாட்டப்பட்டது. போன வாரம் செய்தித்தாளில் அதைத் தபால்தலை அளவுக்குப் போட்டிருந்தார்கள். முகங்கள் கடுகுகடுகாக இருந்தன. படத்துக்குக் கீழே, புதன்கிழமை கடைசி நாள், அதன்பின் பாதுகாப்புக்காக இருபத்தைந்து ஆண்டுகள் நிலவறையில் வைக்கப்படும் என்று எழுதியிருந்தது.

வாசலில் நின்றபோதே சித்தியின் போன் வந்தது. அவரை வளர்த்தவள் சித்திதான்.

"போய்ச் சேந்துட்டியா?"

"வாசல்ல நிக்கிறேன் சித்தி."

"பின்வரிசை. இடப்பக்கத்துலேர்ந்து நாலாவது ஆளு. தலையில துணி கட்டியிருப்பா. படம் எடுக்கிறப்ப நான் அங்கதான் நின்னேன், நல்லா ஞாபகம் இருக்கு."

"எத்தனை தடவை சொல்லுவ?"

"சொல்றதைக் கேளு. பாத்துட்டு உடனே எனக்குப் போன் போடு. முகம் எப்படி இருக்குன்னு ஒண்ணு விடாம சொல்லணும்." சித்தியின் குரல் கொஞ்சம் இறங்கியது. "அவ சேலை ஞாபகம் இருக்கு, நடை ஞாபகம் இருக்குடா. முகம்தான் கொஞ்ச நாளா வர மாட்டேங்குது. ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பாக்குறேன்."

பம்புக்காரர் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். சரி சித்தி என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கவுன்டரில் இருந்த அம்மா ஆறு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தார். பம்புக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டு நிரப்பினார். 'வருகையின் நோக்கம்' என்று இருந்த இடத்தில் 'அம்மாவைப் பார்க்க' என்று எழுதினார். எழுதிக் கொடுத்துவிட்டுத் திருப்தியாக நின்றார்.

கவுன்டரம்மா அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "சொந்தக்காரங்களைப் பாக்கணும்னா ஆஸ்பத்திரிக்குப் போங்க. அங்க இல்லன்னா ஜெயில்ல விசாரிங்க. இது பண்பாட்டு ஆபீஸ்."

"போட்டோல இருக்காங்கம்மா. ஒன்பதாவது ரூம்ல."

அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. எழுந்து உள்ளே போய் மேற்பார்வையாளரை அழைத்துவந்தார். அவர் சட்டைப்பையில் நான்கு நிறத்தில் நான்கு பேனா வைத்திருந்தார். படிவத்தை வாங்கி, சிவப்புப் பேனாவால் அம்மாவைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

"உறவுக்காரங்களை ஒன்பதாவது அறைக்கு விடறதில்ல."

"ஏங்க?"

"உறவுக்காரங்களுக்கு ரசனை வராது, பாசம்தான் வரும். பாசம் எங்க துறை கிடையாது. போன வருஷம் ஒருத்தர் இப்படித்தான் வந்து, ரசிக்காம அழுதுட்டார். விசாரணைக் கமிஷன் வைக்க வேண்டியதாப் போச்சு."

"அப்போ அந்தப் படத்தோட நகல் ஒண்ணு குடுத்துடுங்க, நான் பாட்டுக்குப் போயிடறேன்."

"நகல் கேக்குற உரிமை படத்துல இருக்கிறவங்களுக்கு மட்டும்தான். அவங்களே நேர்ல வரணும்."

"அவங்க செத்து அம்பத்து மூணு வருஷம் ஆச்சுங்க."

"வர முடியாதுன்னா ஒரு கடிதத்துல கையெழுத்து வாங்கிட்டு வாங்க. அவ்வளவு கண்டிப்பா நாங்க நடந்துக்கறதில்ல" என்றார் மேற்பார்வையாளர், பெருந்தன்மையாக.

பம்புக்காரர் கையைப் பிசைந்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். கவுன்டரம்மாவுக்கே மனசு கேட்கவில்லையோ என்னவோ, குனிந்து, "அதை அடிச்சுட்டு பண்பாடுன்னு எழுதுங்க" என்று கிசுகிசுத்தார். பம்புக்காரர் தன் கையாலேயே அம்மாவை அடித்துவிட்டு, பக்கத்தில் பண்பாடு என்று எழுதினார். மேற்பார்வையாளரின் முகம் மலர்ந்துவிட்டது. அவர் பச்சைப் பேனாவால் கையெழுத்துப் போட்டார்.

"நேரா ஒன்பதாவது ரூமுக்குப் போயிடலாங்களா?"

"ஒண்ணு பாக்காதவருக்கு ஒன்பது எப்படிப் புரியும்? வரிசையாத்தான் போகணும். ரூமுக்கு ரூம் முத்திரை வாங்கணும். போனை இங்க குடுத்துடுங்க. நீங்க பாத்ததுக்குச் சான்றுப் படம் நாங்களே எடுத்துத் தருவோம். அஞ்சு மணிக்கு மூடிடுவோம்."

முதல் அறையில் தலைவரின் வரவேற்புரை. ஐம்பது பேர் சேர்ந்தால்தான் தலைவர் பேசுவார். வந்திருந்தவர்கள் பதினொரு பேர். பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. கடைசியில் ஆபீஸ் ஆட்களையே கூட்டிவந்து நாற்காலிகளில் நிரப்பினார்கள். கவுன்டர்கள் எல்லாம் காலியாகிவிட்டதால் புதிதாக யாரும் உள்ளே வரமுடியவில்லை. தலைவர் மேடை ஏறினார்.

"பெருமதிப்பிற்குரிய பார்வையாளர்களே! இந்தப் பொறுப்புக்கு வருமுன் நான் கழிவுநீர் வாரியத்தில் இருந்தேன். எனக்குப் பண்பாட்டைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் கேட்டார்கள். இன்று நான் அவர்களைக் கேட்கிறேன். தெரிந்தவர்கள் இருந்தபோது இங்கே எத்தனை அறைகள் இருந்தன? இரண்டு! இன்றைக்கு ஒன்பது! அவற்றில் ஏழு அறைகளில் பொருள் எதுவும் இல்லையே என்று குறை சொல்கிறார்கள். பொருளை வைத்தால் மக்கள் பொருளைத்தான் பார்ப்பார்கள். அப்புறம் நாங்கள் கட்டிய அறையை யார் பார்ப்பது?"

ஆபீஸ் ஆட்கள் கைதட்டினார்கள்.

"ஆய்வில் ஓர் அதிர்ச்சியான உண்மை தெரியவந்திருக்கிறது. பார்க்கப் பார்க்கப் பொருள் தேய்கிறது! ஆகவே மக்களின் சொத்தை மக்களின் கண்களிலிருந்து காப்பாற்ற முடிவு செய்தோம். மிகச் சிறந்தவற்றை எல்லாம் நிலவறைக்கு அனுப்பிவருகிறோம். சுமாரானவற்றைத்தான் விட்டுவைத்திருக்கிறோம். அவற்றைப் பார்க்கவும் யாரும் வருவதில்லை என்பதால் அவையும் பத்திரமாக இருக்கின்றன. கடந்த ஆண்டு எங்கள்மீது ஒரு புகார்கூடக் கிடையாது. புகார்ப் பெட்டியை ஒன்பதாவது அறைக்கு அப்பால் வைத்திருக்கிறோம். அதுவரை போகவேண்டிய தேவையே மக்களுக்கு ஏற்படவில்லை!"

ஐம்பது நிமிடம் இப்படியே போயிற்று. பம்புக்காரர் மேடையில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அதை ரசிப்பதாக நினைத்து ஓர் ஊழியர் குறித்துக்கொண்டார்.

இரண்டாவது அறையில் முதல் அறையின் படம் மாட்டியிருந்தது. மூன்றாவது அறையில் முதலாவது தலைவர் உட்கார்ந்த நாற்காலி இருந்தது. அதன்முன் ஏழு நிமிடம் நிற்க வேண்டும் என்று விதி. பம்புக்காரர் ஆறு நிமிடத்தில் நகர்ந்துவிட்டார் என்று மறுபடி முதலிலிருந்து நிற்கவைத்தார்கள்.

நான்காவது அறை வியப்புப் பயிற்சிக்கூடம். அங்கே இருந்த பயிற்சியாளர் அம்மா நல்லவர்தான், ஆனால் தன் வேலையை நம்புகிறவர். ஒரு கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். பெட்டி காலியாக இருந்தது.

"இதைப் பாத்து வியங்க. புருவம் ரெண்டும் மேல போகணும், வாய் ரெண்டு விரக்கடை திறக்கணும். வியப்பு சரியா வரலன்னா மேல அனுப்ப முடியாது."

"உள்ள ஒண்ணுமே இல்லைங்களே."

"உள்ள இருந்தா யார் வேணும்னாலும் வியப்பாங்க. பயிற்சி எதுக்கு?"

பம்புக்காரர் புருவத்தை ஏற்றினார், வாயைத் திறந்தார். பயிற்சியாளர் அளந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மறுபடி திறந்தார். பல்வலி மாதிரி இருக்கிறது என்றார் அந்த அம்மா. மணி இரண்டரை ஆகிவிட்டது. நெற்றியெல்லாம் வியர்த்தது. 'அம்மா முகத்தைப் பார்க்கத்தானே வந்தேன், என் முகத்தை ஏன் இப்படி இம்சை பண்ணுகிறார்கள்' என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துச் சுவருக்குப் பின்னால் ஒரு சத்தம். பம்புக்காரர் காதைத் தீட்டினார். சந்தேகமே இல்லை, தண்ணீர் இல்லாமல் ஒரு மோட்டார் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் கால்மணி நேரத்தில் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கருகிவிடும். அவருடைய கண் விரிந்தது, புருவம் ஏறியது, வாய் தானாகப் பிளந்தது.

"அதேதான்! அப்படியே இருங்க!" என்று கத்தினார் பயிற்சியாளர். முத்திரை விழுந்தது.

"அம்மா, அது வியப்பு இல்லைங்க. மோட்டார் கருகப்போகுது, நிறுத்தச் சொல்லுங்க."

"அடக்கமும் இருக்கு உங்ககிட்ட" என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார் அவர்.

ஐந்தாவது அறையில் ஒரு தெருவே இருந்தது. கழகத்துக்குப் பின்னால் நூறு வருஷமாக இருந்த தெருவை இடித்துவிட்டு, அதே மாதிரி ஒன்றைக் கூரைக்குக் கீழே கட்டியிருந்தார்கள். தையற்காரர் தைத்துக்கொண்டிருந்தார், ஊசியில் நூல் இல்லை. பக்கத்து வீட்டுக்காரிகள் இரண்டு பேர் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்ததும் சண்டை போட்டார்கள். டீக்கடைக்காரர் வேடத்தில் இருந்தவர் காலி டம்ளரிலிருந்து காலி டம்ளருக்கு ஆற்றிக்கொண்டிருந்தார்.

பம்புக்காரர் முத்திரை போடுகிறவரைத் தேடினார். மேஜைமீது 'உணவு இடைவேளை' என்று அட்டை இருந்தது. மணி மூன்றரை. அப்படியே தரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். பெருக்கிக்கொண்டிருந்த ஒருவர் துடைப்பத்தை நிறுத்தினார்.

"என்ன சார், உடம்பு சரியில்லையா?"

பம்புக்காரர் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். பெருக்குகிறவர் துடைப்பத்தில் சாய்ந்து நின்று கேட்டார். பிறகு டீக்கடைப் பக்கம் தலையைக் காட்டினார்.

"அந்த இடத்துல முப்பது வருஷம் டீ போட்டவன் சார் நான். தெருவை இடிச்சப்புறம் டீக்கடைக்காரர் வேலைக்கு இன்டர்வியூ வச்சாங்க. நானும் போனேன். ஃபெயில் ஆக்கிட்டாங்க. கை ரொம்ப வேகமா போகுதாம், நிஜ டீக்கடைக்காரன் இப்படி ஆத்தமாட்டானாம். பெருக்குற வேலைதான் குடுத்தாங்க." துடைப்பத்தை நீட்டினார். "இதைப் பிடிங்க. குனிஞ்சுக்கிட்டே என் பின்னாடி வாங்க. கையில துடைப்பம் இருந்தா இந்தக் கட்டடத்துல ஒருத்தன் கண்ணுக்கும் தெரியமாட்டோம்."

"முத்திரை?"

"மேஜையைத் துடைக்கிறதும் என் வேலைதானே சார்" என்று சொல்லி, மேஜையைத் துடைக்கிற சாக்கில் முத்திரையை எடுத்து அழுத்தமாக ஒன்று போட்டார்.

ஆறு, ஏழு, எட்டு என்று மூன்று அறைகளையும் பம்புக்காரர் பெருக்கிக்கொண்டே கடந்தார். ஒவ்வொரு அறையிலும் பெருக்குகிறவர் மேஜையைத் துடைத்து முத்திரையும் போட்டுத் தந்தார். வழியில் இரண்டு துணைத்தலைவர்கள் வந்தார்கள், அவர்கள் பேச்சுகூட நிற்கவில்லை. அறைகள் பெரியவை, பாதியில் விட்டால் சந்தேகம் வரும் என்பதால் மூலை முடுக்கெல்லாம் பெருக்க வேண்டியிருந்தது. இடுப்பு விட்டுப்போயிற்று. ஆனாலும் அன்று காலையிலிருந்து அவர் செய்ததில் உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

ஒன்பதாவது அறை வாசலில் துடைப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெருக்குகிறவரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். மணி ஐந்துக்கு ஆறு நிமிடம். "போங்க சார், சீக்கிரம். அம்மாவைப் பாருங்க" என்று தள்ளிவிட்டார் அவர்.

உள்ளே ஒரு சுவர் முழுக்கச் சிவப்புத் திரை. அதன்முன் தரையில் வெள்ளைப் பெயின்டால் இரண்டு பாதங்கள் வரைந்திருந்தார்கள். எதிரே காமிராவோடு ஒரு போட்டோக்காரர், பக்கத்தில் ஒரு காவலாளி. பம்புக்காரர் நேராகத் திரையிடம் போனார்.

"திரையைத் திறங்க சார், நேரமாச்சு."

"திறப்போம். பாதத்துமேல நின்னு என்னைப் பாருங்க" என்றார் போட்டோக்காரர்.

"நான் படத்தைப் பாக்க வந்தேங்க."

"முதல்ல சாட்சி, அப்புறம் காட்சி. அதான் கழகத்தோட கொள்கை. முன்னெல்லாம் பாத்துட்டுப் போட்டோ எடுக்காமலே போயிடுவாங்க. அவங்க பாத்தாங்கன்னு நாங்க எப்படி நம்பறது? போட்டோ எடுத்தப்புறம் உங்களுக்குப் படத்தைப் பாக்க முழுசா ஒரு நிமிஷம் உண்டு."

ஒரு நிமிடம் போதும், அரை நிமிடம்கூடப் போதும் என்று நினைத்துப் பம்புக்காரர் பாதங்கள்மீது ஏறி நின்றார். முதுகுக்குப் பின்னால் ஒரு சின்ன மோட்டார் முனகியது. திரை விலகுகிறது. ஐம்பத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அம்மா பின்னால் நிற்கிறாள், கை நீட்டினால் எட்டும் தூரத்தில். அவரால் பொறுக்க முடியவில்லை. திரும்பினார். காவலாளி தோளைப் பிடித்து முன்னால் திருப்பிவிட்டார்.

"ஆடாதீங்க சார்! ஒண்ணு வீணாப்போச்சு. முகம் விழலன்னா செல்லாது."

"கொஞ்சம் தள்ளி நிக்கட்டுமா? பின்னாடி மறைக்குமே."

"எல்லாரும் அந்தப் பாதத்துமேலதான் நின்னிருக்காங்க. வியப்பா பாருங்க. நாலாவது ரூம்ல சொல்லிக்குடுத்தாங்கல்ல? புருவம் போதல. சார், அழக்கூடாது, அழுதா ரசனையில வராது. கண்ணைத் துடைங்க."

"ஐயா, ஒரே ஒரு தடவை திரும்பிக்..."

பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. கூடவே மணியும் அடித்தது. மோட்டார் மறுபடி முனகியது. பம்புக்காரர் காவலாளியை உதறித் தள்ளிவிட்டுத் திரும்பினார். திரை மூடிக்கொண்டு வந்தது. மிச்சம் இருந்தது வலது ஓரத்தில் ஒரு சாண். அதில் முன்வரிசைப் பெண் ஒருத்தியின் முழங்கையும் ஒரு பாட்டிலும் தெரிந்தன. அதுவும் மூடிக்கொண்டது.

அவர் திரையைப் பிடித்து இழுத்தார். இரும்பு. மேலே இருந்த மோட்டாரைப் பார்த்தார். ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் திறந்திருப்பார். மேற்பார்வையாளர் வந்துவிட்டார்.

"ஐயா, நான் பாக்கவே இல்லையே! முதுகைத்தானே காட்டிக்கிட்டு நின்னேன்!"

மேற்பார்வையாளர் ஒரு சான்றிதழை நீட்டினார். "பாத்ததா இதுல இருக்கே."

"நாளைக்குக் காலையில ஒரு நிமிஷம்..."

"நாளைக்கு நிலவறைக்குப் போயிடும். இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு வாங்க. உங்க முத்திரையெல்லாம் செல்லும், மறுபடி வாங்க வேண்டாம்."

பம்புக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அப்போது தனக்கு எழுபத்தொன்பது. சித்தி எங்கே இருப்பாளோ. அவர் மேற்பார்வையாளரின் காலில் விழுந்தார். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் விழுந்தார். மேற்பார்வையாளர் நகர்ந்து நின்று, இது எந்த அறையின் நடைமுறையிலும் இல்லை என்றார்.

பம்புக்காரர் போட்டோக்காரர் பக்கம் திரும்பினார். "நீங்களாவது பாத்திருப்பீங்களே. பின்வரிசை, இடப்பக்கத்துலேர்ந்து நாலாவது. எப்படி இருப்பாங்க, சொல்லுங்க."

போட்டோக்காரர் உண்மையாகவே யோசித்தார். "பதினோரு வருஷமா எடுக்கிறேன் சார். அந்த இடத்துல எப்பவும் பார்வையாளர்தான் நிக்கிறாரு. பின்னாடி ஆள் இருக்கிறதே நீங்க சொல்லித்தான் தெரியும்."

வெளியே போகிற தாழ்வாரத்தில் இரண்டு பக்கமும் பழைய சான்றுப் படங்களை நூற்றுக்கணக்கில் ஒட்டியிருந்தார்கள். பம்புக்காரர் ஒவ்வொன்றாகத் தேடினார். எல்லாப் படத்திலும் மூன்று வரிசைப் பெண்கள், எல்லாப் படத்திலும் பின்வரிசையில் நான்காவது இடத்தில் ஒரு வழுக்கைத் தலை, ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு தொப்பி, ஒரு குழந்தை. குட்டையானவர்களையும் குழந்தைகளையும் முக்காலிமேல் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். எல்லா முகமும் ஒரே உயரத்தில் இருப்பதுதான் சமத்துவம் என்று சுவரில் தலைவரின் கையெழுத்தோடு எழுதியிருந்தது. ஊரார் அத்தனை பேரும் வரிசையாக வந்து அம்மாவை மறைத்துவிட்டுப் போயிருந்தார்கள். விளக்குகளை அணைத்துக்கொண்டே காவலாளி அவரை வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்தார்.

போனைத் திருப்பிக் கொடுத்தார்கள். சித்தி பத்தொன்பது தடவை கூப்பிட்டிருந்தாள். படிக்கட்டில் உட்கார்ந்து சான்றிதழில் ஒட்டியிருந்த படத்தை உற்றுப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது இடத்தில் அவருடைய முகம். நரைத்த தலை, ஈரக் கண், பாதி திறந்த வாய்.

போன் மறுபடி அடித்தது.

"பாத்தியாடா?"

"பாத்தேன் சித்தி."

"எப்படி இருக்கா? சொல்லு, நான் கண்ணை மூடிட்டுக் கேக்குறேன்."

பம்புக்காரர் கையில் இருந்த படத்தைப் பார்த்தார்.

"என்னை மாதிரியே இருக்காங்க சித்தி."

மறுமுனையில் சித்தி விசும்பினாள். "அப்படியா? அப்படியா கண்ணு? சிரிச்சுக்கிட்டு இருக்காளா?"

"இல்ல சித்தி. வாயைத் திறந்து என்னமோ சொல்ல வர்றாங்க. அதுக்குள்ள எடுத்துட்டாங்க."

"ஆமாடா" என்றாள் சித்தி. "ஆமா, அப்படித்தான் நின்னா. இப்ப ஞாபகம் வந்துடுச்சு."